எந்த ஊர் உடல் யாருக்கு

என் பெயர் மர்தியானா பிந்தி லாகாலு. வயது நாற்பத்து மூன்று. கணவர் ருஸ்டின், படகு இயந்திரம் பழுது பார்ப்பவர். சபா மாநிலம், தவாவ் நகரம், தித்திங்கான் குடியிருப்பில் கணவருடனும் இரண்டு மகள்களுடனும் வசித்து வருகிறேன். இறந்தவர்களின் உடலைப் பதப்படுத்தி அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பி வைக்கும் தொழில் செய்கிறேன். இன்று தவாவ் அரசு அலுவலகக் கட்டடத்தில், வணிகப் போட்டிச் சட்டத்தின் கீழ் விசாரிக்கும் ஆணையத்தின் அதிகாரி முன் ஆஜராகி, கேட்கப்பட்டவற்றுக்கு மலாய் மொழியில் பதில் சொல்லி இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். தெரிந்தே பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று அதிகாரி முதலிலேயே எடுத்துச் சொன்னார். புரிந்தது என்று சொன்னேன்.

தவாவைச் சுற்றியுள்ள எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் கடலுக்கு அந்தப் பக்கம் இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களில் யாராவது இறந்தால் உடலை இங்கிருந்து படகில் நுனுக்கான் துறைமுகத்துக்குக் கொண்டு போய், அங்கிருந்து கப்பலில் ஊருக்கு அனுப்ப வேண்டும். இந்த வேலையைச் செய்ய நான் தொழில் தொடங்கும் வரை தவாவில் மூன்று நிறுவனங்கள்தான் இருந்தன. ஒன்று தௌக்கே என்று எல்லோரும் அழைக்கும் முதலாளி ஃபுங் கியாட் சியோங் நடத்துவது. இன்னொன்று திருமதி ஆக்னஸ் லோ நடத்துவது. மூன்றாவது ஜைனல் நடத்துவது. ஜைனல் என் கணவரின் கூடப்பிறந்த அண்ணன். திருமணமான புதிதில் நான் அவருடைய நிறுவனத்தில்தான் உடல் கழுவிப் பதப்படுத்தும் வேலைக்குச் சேர்ந்தேன்.

அந்தக் காலத்தில் ஒரு சாவு என்றால் மூன்று நிறுவனத்து ஆட்களும் ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் வந்து நிற்பார்கள். ஒருவர் ஒரு தொகை சொன்னால் அடுத்தவர் அதைவிடக் குறைத்துச் சொல்வார். இறந்தவர் வீட்டார் மூன்று பேரையும் விசாரித்து, தங்களுக்கு முடிந்தவரிடம் கொடுப்பார்கள். ஒரு முறை திமோரைச் சேர்ந்த ஒரு அம்மா, தோட்டத்துச் சமையல்காரி, இறந்தபோது அவருடைய மகன் ஃபுங்கிடமும், அந்த அம்மாவின் தம்பி ஜைனலிடமும் தனித்தனியே பேசிவிட்டார்கள். இரண்டு நிறுவனத்து ஆட்களும் படகுத்துறையில் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். பெட்டி பலகையிலிருந்து வழுக்கிக் கடலில் விழுந்தது. ஜைனல் சட்டை, சப்பாத்தோடு குதித்து, கயிறு வரும் வரை பெட்டியை முங்க விடாமல் தோளால் தாங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் மகன் மிளகாய் மூட்டையின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்போது படகுத்துறையில் இருந்தேன்.

அதன் பிறகு அந்த வாரத்திலேயே மூன்று முதலாளிகளும் சந்தைக்கு எதிரே உள்ள காப்பிக் கடையின் பின்னறையில் கூடினார்கள். எந்தத் தோட்டத்தில் எந்தத் தீவு ஆட்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும் என்பதால் ஜைனல் என்னையும் கூட்டிப்போனார். அந்தக் கூட்டத்தில் இறந்தவரின் ஊரை வைத்துத் தொழிலைப் பிரித்துக்கொண்டார்கள். ஃப்ளோரஸ், திமோர், அதைச் சுற்றியுள்ள தீவுகள் ஃபுங்குக்கு. சுலாவேசி முழுவதும் ஜைனலுக்கு. ஜாவா, லொம்போக் ஆக்னஸ் லோவுக்கு. எதுவும் எழுதப்படவில்லை. அதன் பிறகு படகுத்துறையில் சண்டை வந்ததில்லை. பிணவறை வாசலில் யாரும் விலை குறைத்ததும் இல்லை.

அடுத்த நோன்புப் பெருநாளுக்கு முன் அதே அறையில் மறுபடியும் கூடினார்கள். அன்றும் நான் இருந்தேன். அன்று ஃபுங் பேசினார்: “இனிமே யாரும் யார் காலையும் மிதிக்கப் போறதில்ல. அப்புறம் எதுக்கு ஆளாளுக்கு ஒரு ரேட்டு வச்சுக்கிட்டு நிக்கணும்?” அதன் பிறகு மூவரும் ஒரே தொகைதான் கேட்டார்கள். அந்தத் தொகை வருடா வருடம் ஏறியது.

அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவர் முதலில் இறந்தவர் எந்த ஊர் என்று கேட்க வேண்டும், நம்முடைய ஊர் இல்லை என்றால் உரிய நிறுவனத்தின் எண்ணைக் கொடுத்துவிட்டு வைத்துவிட வேண்டும் என்பது ஜைனலின் உத்தரவு. மற்ற இரண்டு நிறுவனங்களிலும் அப்படியே என்று அங்கு வேலை பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு நாள் லொம்போக்கைச் சேர்ந்த ஒரு பெண், இந்த ஊர்ப் பங்கீடு தெரியாமல், கணவனின் உடலை வேனில் ஏற்றிக்கொண்டு நேராக எங்கள் கொட்டகைக்கே வந்துவிட்டார். நான் உடலைக் கழுவத் தொடங்கிவிட்டேன். ஜைனல் வந்து பார்த்து, “மர்தி, இது ஆக்னஸோடது. துணியை மூடு, அங்க அனுப்பு” என்றார். பாதி கழுவிய உடல். நான் முழுவதும் கழுவித் துடைத்து அனுப்பிவிட்டு, கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகு அங்கே வேலைக்குப் போகவில்லை. என் கணவர் ஒரு பழைய வேன் வாங்கித் தயார் செய்து கொடுத்தார். உரிமம் எடுத்துத் தனியாகத் தொழில் தொடங்கினேன்.

அதன் பிறகு ஃபுங் என்னைச் சாப்பாட்டுக்கு அழைத்தார். கடலோரத்தில் உள்ள மீன் உணவகத்துக்குப் போனேன். ஃபுங், ஆக்னஸ் லோ, ஜைனல் மூவரும் இருந்தார்கள். ஃபுங்கின் மகன் வாய் ஹோங்கும் இருந்தார். அவர் மெல்பர்னில் படித்துவிட்டு வந்தவர். ஃபுங் எனக்கு மீனின் கன்னத்துச் சதையை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்: “இங்க பாரும்மா மர்தி. நீயும் சாப்பிடணும், நாங்களும் சாப்பிடணும். நுனுக்கான், தாரக்கான் ஆளுங்கள நீ எடுத்துக்க. கிட்டத்து ஊரு, அலைச்சல் இல்ல. மத்ததைத் தொடாத.”

வாய் ஹோங் குறுக்கிட்டு, “அப்பா, இதையெல்லாம் ஹோட்டல்ல உக்காந்து பேசாதீங்க. ஆஸ்திரேலியாவுல இதுக்கு ஜெயில்ல போடுவாங்க” என்றார்.

அதற்கு ஃபுங், “நீ உக்காந்திருக்கிறது தவாவுல. இங்க பிடிச்சா அபராதம். அந்தக் கரையில, இந்தோனேசியாவுல, அது கூட சீக்கிரம் ஆகாது, பங்கு போட்டதால யாருக்கு என்ன கெட்டுச்சுன்னு முதல்ல காட்டணும். இந்தா, சூப்பைக் குடி” என்றார். அவர் சட்டம் தெரிந்துதான் பேசினார் என்பதைக் காட்டுவதற்காக இதைச் சொல்கிறேன்.

நான், “தௌக்கே, செத்தவங்க வீட்டுலேர்ந்து போன் வந்தா என்ன ஆச்சுன்னு கேக்கத்தான் எனக்கு வாய் வரும். எந்த ஊருன்னு கேக்க வராது. என்னை விட்டுடுங்க” என்றேன். ஆக்னஸ் லோ சிரித்துக்கொண்டே, “ஏன் ஜைனல், இது உங்க வீட்டுப் பொண்ணுதானே, அடக்கி வைக்கத் தெரியாதா?” என்றார். ஜைனல், “என் தம்பியே இவகிட்ட அடங்கிக் கிடக்கான், நான் எங்க போய் இவளை அடக்குறது?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஃபுங் மட்டும் சிரிக்கவில்லை. நான் தட்டில் இருந்ததைச் சாப்பிடாமல் எழுந்து வந்தேன்.

கடந்த ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை பெனி என்ற பெண் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். கலபாக்கான் பக்கத்துத் தோட்டத்தில் உரம் போடும் வேலை செய்பவர். அவருடைய கணவர் ஸ்டெபானுஸ் கோபோங், பழக்குலை அறுக்கும் நீளக் கம்பு மின்கம்பியில் பட்டு இறந்துவிட்டார். என்ன ஆச்சு என்று நான் கேட்டதற்குச் சொல்லி முடித்துவிட்டு, அவரே, “நாங்க ஃப்ளோரஸ் பக்கங்கக்கா, அடோனாரா தீவு. உங்களால முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. ஏற்கெனவே ரெண்டு எடத்துல ஃபுங்கிட்ட போன்னுட்டாங்க. ஃபுங் கேக்குறதைத் தோட்டத்துல எல்லாரும் சேந்து போட்டாலும் எட்டாது” என்றார். நான் வருகிறேன் என்று சொன்னேன். தோட்ட நிர்வாகம் கொடுப்பதாகச் சொன்ன தொகைக்குள்ளேயே என்னால் செய்ய முடிந்தது.

உடலைப் பதப்படுத்திய பிறகு பெட்டிக்காக மரக்கடைக்குப் போனேன். நான் வழக்கமாகப் பெட்டி வாங்கும் கடை. கடைக்காரர் வெளியே வந்து, “அக்கா, எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். ஃப்ளோரஸ் ஆளுக்குப் பெட்டி குடுத்தா ஃபுங் எங்கிட்ட வாங்குறதை நிறுத்திடுவாரு. நீங்க மாசத்துக்கு வாங்குறது எத்தனை, அவர் வாங்குறது எத்தனை? கோவிச்சுக்காதீங்க” என்றார். அதன் பிறகு தோட்டத்துத் தச்சு வேலைக்காரர்கள் மேனேஜரிடம் கேட்டு வாங்கிய பலகையில் கோபோங்கின் குடியிருப்பு வரிசையிலேயே பெட்டி செய்தார்கள். கப்பலில் ஏற்ற உள்ளே தகரம் அடைத்துக் காற்றுப் புகாமல் மூட வேண்டும். அதை என் கணவர் பற்றவைத்துக் கொடுத்தார்.

வழக்கமாக உடல் ஏற்றும் படகுக்காரர்கள் எல்லோரும் ஏற்ற மறுத்தார்கள். காரணம் சொல்லவில்லை. கடைசியில் சரக்குப் படகு ஓட்டும் லாமுடா என்பவரிடம் கேட்டேன். அவர், “மீனு ஏத்துறேன், வெங்காயம் ஏத்துறேன், போன வாரம் ஒருத்தனோட ஆட்டைக்கூட ஏத்துனேன். மனுசனை ஏத்த மாட்டேன்னு சொல்வேனா? ஏத்துங்க” என்றார். ஆஸ்பத்திரி, போலீஸ், தூதரகம், சுங்கம் எல்லாவற்றிலும் முறைப்படி அனுமதி வாங்கியிருந்தேன். நானும் பெனியும் உடலோடு போனோம். பெனி மடியில் ஒரு பூப்போட்ட தெர்மாஸ் குடுவையை வைத்திருந்தார். ஊரில் உள்ள தாய்க்குக் கொடுக்கக் கோபோங் வாங்கி வைத்திருந்தது என்று சொன்னார்.

நுனுக்கானிலிருந்து ஃப்ளோரஸில் உள்ள மௌமெரே துறைமுகத்துக்குப் போகும் கப்பல் அன்று மதியம் புறப்பட இருந்தது. அதற்கு வெகு நேரம் முன்பே நாங்கள் போய்ச் சேர்ந்தோம். அங்கே உடல்களை இறக்கி ஏற்றும் வேலையை எடுத்து நடத்துபவர் ஹாஜி பத்தோலா. அவர் எங்கள் படகைப் பார்த்ததும் வந்து, “யாரு அனுப்புனது?” என்று கேட்டார். நான்தான் என்றேன். “மூணு கம்பெனி பெட்டிதான் நான் இறக்குவேன். உங்க பேரு எங்கிட்ட இல்ல” என்றார்.

“பேப்பர் எல்லாம் சரியா இருக்குங்க ஹாஜி. வேணும்னா பாருங்க.”

“பேப்பரை நான் என்ன செய்ய? ஆளுங்க என் ஆளுங்க, வண்டி என் வண்டி. தவாவுல பேசிட்டு வாங்க.”

நான் ஃபுங்கைத் தொலைபேசியில் அழைத்தேன். எடுக்கவில்லை. ஜைனலை அழைத்தேன். அவர் எடுத்து, நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “அது ஃபுங்கோட ஆளு, மர்தி. நான் சொன்னா கேக்க மாட்டான்” என்றார். அவர் ஹாஜியிடம் பேசிப் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. படகு துறையை ஒட்டி வெயிலில் நின்றது. லாமுடா பெட்டியின் மேல் தார்ப்பாயை விரித்து, அதன் மேல் கடல் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்.

துறைமுகச் சுமைதூக்கிகளில் பலர் ஃப்ளோரஸ் பக்கத்தவர்கள். பெனி எழுந்து நின்று, தங்கள் மொழியில் கணவரின் பெயரையும் ஊர்ப் பெயரையும் சத்தமாகச் சொன்னார். அழவில்லை. மூன்றாவது முறை சொன்னபோது ஒருவர் தோளில் இருந்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். ஹாஜி, “இதைத் தொட்டவன் நாளைக்கு எங்கிட்ட வேலைக்கு வராத” என்று கத்தினார். முதலில் வந்தவர், “நாளைக்குத்தானே, பாத்துக்கலாம்” என்று மலாயில் சொன்னார். அவர்களே பெட்டியை இறக்கித் தோளில் தூக்கிக் கப்பல் துறைக்கு ஓடினார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கப்பலின் கயிறு அவிழ்க்கப்பட்டு, துறைக்கும் கப்பலுக்கும் நடுவே தண்ணீர் இடைவெளி விழுந்துவிட்டது.

அடுத்த கப்பல் இரண்டு வாரம் கழித்துத்தான். துறைமுகச் சுகாதார அதிகாரி அதுவரை உடலை வைத்திருக்க அனுமதிக்கவில்லை. அதன் பிறகு தேவாலயத்துப் பாதிரியாரை வரவழைத்து, கோபோங்கை நுனுக்கானிலேயே அடக்கம் செய்தோம். குழி வெட்டியவர்களும் அந்தச் சுமைதூக்கிகள்தான். அவர்களில் ஒருவர் அடுத்த கப்பலில் ஊருக்குப் போவதாகச் சொன்னார். தெர்மாஸ் குடுவையைப் பெனி அவரிடம் கொடுத்து அனுப்பினார். உடைந்துவிடாமல் இருக்கத் தன் தலைத்துண்டை அவிழ்த்துச் சுற்றிக் கொடுத்தார்.

தவாவ் திரும்பியதும் நான் இந்த ஆணையத்தில் புகார் கொடுத்தேன். அந்தக் கரையில் உள்ள ஆணையத்திலும் பாதிரியார் மூலமாகப் புகார் போனது. நுனுக்கானுக்கு வந்த அந்த நாட்டு அதிகாரி முன்பும் நான் வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். இங்கே என்னிடம் கேட்டது, அறையில் யார் யார் இருந்தார்கள், யார் என்ன பேசினார்கள் என்று. பங்கு போட்டுக்கொண்டதே இங்கே குற்றம் என்று அதிகாரி விளக்கினார். அங்கே கேட்டது, அந்தப் பங்கீட்டால் யாருக்கு என்ன கேடு வந்தது, அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று. பெனிக்கு வந்த கேட்டை எப்படி மதிப்பிடலாம் என்று அந்த அதிகாரி என்னிடமே கேட்டார். கப்பல் போய்விட்டது என்று சொன்னேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

முதலில் வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளும் நிறுவனத்துக்கு இங்கே அபராதம் முழுவதையும் தள்ளுபடி செய்ய வழி உண்டு, ஆனால் ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தவருக்கு அந்த முழுச் சலுகை கிடைக்காது என்று புகார் கொடுத்தபோது எனக்குத் தெரிய வந்தது. அந்தக் கரையில் அப்படி ஒரு வழி இல்லை என்றார்கள். நான் ஜைனலிடம் போய், “அண்ணே, முழுசா இல்லாட்டியும் கொஞ்சமாவது குறையும். மத்தவங்க முந்துறதுக்குள்ள போய்ச் சொல்லிடுங்க” என்றேன். அவர், “இத்தனை வருசம் ஒரே மேசையில சாப்பிட்டவங்க. அவங்களைக் காட்டிக் குடுத்துட்டு அப்புறம் நான் எந்தக் கடையில போய் உக்காந்து காப்பி குடிக்கிறது?” என்று சொல்லி மறுத்துவிட்டார்.

அதன் பிறகு ஃபுங் தன் மகனோடும் வழக்கறிஞரோடும் கோலாலம்பூர் போய் முதல் ஆளாக ஒப்புக்கொண்டுவிட்டார் என்று ஜைனல் மூலமாகவே அறிந்தேன். போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஜைனல் எங்கள் வீட்டுக்கு வந்தார். சோறும் மீன் குழம்பும் வைத்தேன். சாப்பிட்டார். பிறகு, “ஃபுங் எல்லாத்தையும் ஆரம்பிச்சது நான்தான்னு சொல்லியிருக்கானாம். நீயும் அன்னிக்கு அறையில இருந்தே” என்றார்.

“இருந்தேன் அண்ணே.”

“என்ன சொல்லப் போற?”

“கேட்டா, கேட்டதுக்குப் பதில் சொல்லுவேன்.”

என் கணவர், “தெரியாதுன்னு சொல்லிடேன் மர்தி. பல வருசத்துக்கு முன்னால பேசுனது, எவனுக்கு ஞாபகம் இருக்கும்? ஒரு வார்த்தைதானே” என்றார். ஜைனல் அவரைக் கையமர்த்திவிட்டு என்னிடம், “அப்படின்னா படகுத்துறையில நடந்ததையும் விடாம சொல்லு” என்றார். மகள்கள் பள்ளியிலிருந்து வந்துவிட்டதால் பேச்சு அத்துடன் நின்றது.

கேள்வி: இறந்தவர்களின் ஊரை வைத்துத் தொழிலைப் பிரித்துக்கொள்ளலாம் என்று முதலில் சொன்னது யார்?

பதில்: ஜைனல். “இனி பெட்டியைப் பிடிச்சு ஒருத்தனும் இழுக்கக் கூடாது. உன் ஊரு உனக்கு, என் ஊரு எனக்கு” என்று சொன்னார். மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

கேள்வி: அப்படிச் சொல்லும்படி அவரை யாராவது கட்டாயப்படுத்தினார்களா?

பதில்: இல்லை.

கேள்வி: இந்தப் பதிலால் ஃபுங்குக்குச் சலுகை உறுதியாகலாம், ஜைனலின் நிறுவனத்துக்குப் பெரும் அபராதம் வரலாம் என்பது தெரியுமா?

பதில்: தெரியும். அந்த அபராதத்தை அவருடைய நிறுவனம் தாங்காது என்பதும் தெரியும். ஆனால் ஒரே தொகை கேட்க வேண்டும் என்று முதலில் சொன்னது ஃபுங். ஹாஜியின் ஆள் பலத்தை வைத்து என் படகை நிறுத்தியதும் ஜைனல் இல்லை. முதல் பதிலை எழுதினால் இதையும் எழுத வேண்டும் என்று கேட்டேன். அதிகாரி எழுதினார். இரண்டும் ஒரே ஏற்பாடா, வேறு வேறு ஏற்பாடா என்று அவர் கேட்டதற்கு, சட்டம் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

கேள்வி: ஜைனலோடு முன்விரோதம் உண்டா?

பதில்: இல்லை.

கேள்வி: இன்றைய விசாரணைக்கு வர வேண்டாம் என்றோ, மாற்றிச் சொல் என்றோ ஜைனல் உங்களை மிரட்டினாரா?

பதில்: இல்லை. என் வேன் காலையில் கிளம்பவில்லை. ஜைனல்தான் தன் வண்டியில் என்னைக் கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டார். முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போவதற்காகக் கீழே காத்திருக்கிறார்.

நான் சொன்னவை இவ்வளவே. எழுதியதை அதிகாரி மலாய் மொழியில் எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார். எதையாவது நீக்க வேண்டுமா, மாற்ற வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான் கண்ணால் கண்டவற்றையும் காதால் கேட்டவற்றையும் உள்ளது உள்ளபடி சொல்லியிருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) மர்தியானா பிந்தி லாகாலு